மாமல்லபுரத்துப் படங்கள் குடியிருந்த அடுக்குகள்

முதலாம் ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1010-ஐ ஒட்டி, மாமல்லபுரத்து நகரத்தார் ஒன்றுகூடித் தங்கள் ஊர் நிலங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். கடற்கரைக் கோயிலில் அது கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டது. தங்கள் ஊர் எது என்று சொல்லும்போது அவர்கள் வெறுமனே மாமல்லபுரம் என்று நிறுத்திவிடவில்லை. ஆமூர்க் கோட்டம், அந்தக் கோட்டத்துக்குள் ஆமூர் நாடு, அந்த நாட்டில் மாமல்லபுரம் என்று, பெரிய எல்லையிலிருந்து சிறிய எல்லைக்குப் படிப்படியாக இறங்கி வந்தார்கள். ஓர் இணையதளத்தின் நிர்வாகப் பக்கத்தில் படங்களுக்கான ஃபோல்டரை அமைப்பவர் எழுதும் பாதையும் இப்படித்தான் இறங்குகிறது: மாநிலம், சாய்கோடு, மாவட்டம், சாய்கோடு, ஊர், சாய்கோடு, படத்தின் பெயர்.

ஆமூர்க் கோட்டம் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. கல்வெட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இணையத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே பாதையில் ஒரு பெயர் மாறினால் போதும், படம் காணாமல் போய்விடும். மாமல்லபுரத்துப் படங்களுக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது. இணையம் வருவதற்கு முன்பே, காகிதத்திலும் கண்ணாடித் தகட்டிலும் கூட நேர்ந்திருக்கிறது.

வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-இலும் 1776-இலும் இந்த ஊருக்கு வந்தார். அவர் எழுதிய வர்ணனை 1788-இல் கல்கத்தாவின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. ஊரின் பெயரை மாவலிபுரம் என்று எழுதிய அவர், சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சில மைல் தொலைவில் இருப்பது, மாலுமிகள் ஏழு பகோடா என்று அழைப்பது என்று தலைப்பிலேயே அடையாளமும் சேர்த்துக்கொண்டார். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1790-களின் தொடக்கத்தில் வந்து வரைந்த பாறைச் சிற்பக் காட்சிகள் 1799-இல் லண்டனில் அச்சாயின. அவற்றிலும் மாவலிபுரம்தான். 1830-இல் பெஞ்சமின் பாபிங்டன் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து எழுதிய கட்டுரையில் மகாமலைப்பூர் என்று இருக்கிறது. 1869-இல் எம். டபிள்யூ. கார் இந்தப் பழைய கட்டுரைகளையெல்லாம் திரட்டிச் சென்னையில் ஒரே நூலாக வெளியிட்டபோது, தலைப்பில் ஏழு பகோடாக்களையே வைத்தார். நூலக அட்டைப் பெட்டியில் இந்த ஊரைத் தேடியவர் இரண்டு மூன்று எழுத்துகளின் இழுப்பறைகளைத் திறக்கவேண்டியிருந்தது.

படங்களை முறையாகச் சேர்க்கவேண்டும் என்று பெரிய அளவில் முனைந்தவர் காலின் மெக்கன்சி. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். காவலி வெங்கட போரையா, காவலி லட்சுமையா போன்ற உள்ளூர் அறிஞர்கள் துணையோடு ஊர் ஊராகச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஓவியங்களையும் திரட்டியவர். 1816-இல் அவருடைய ஓவியர்கள் மாமல்லபுரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார்கள். ஒளிப்படம் பிறப்பதற்கு முன்பே, பாறையில் இருப்பதை இருக்கிறபடியே தாளில் கொண்டுவர எடுத்த முயற்சி அது. சிற்பத் தொகுதியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வரைந்துவைத்த பொறுமையை இன்றும் மெச்சத் தோன்றுகிறது.

1821-இல் மெக்கன்சி இறந்தார். அவருடைய சேகரிப்பை அவர் மனைவியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஹெச். ஹெச். வில்சன் 1828-இல் ஒரு விவரப் பட்டியல் தயாரித்தார். அதற்குப் பிறகு தொகுப்பு சிதறியது. தென்னிந்திய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக்கு வந்து, இன்றைய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் சேர்ந்தது. ஓவியங்கள் லண்டனுக்குப் போயின. மாமல்லபுரத்துச் சிற்பத்தின் ஓவியம் ஒரு கண்டத்தில், அதே பகுதி ஊர்களைப் பற்றி அதே குழு திரட்டிய சுவடி இன்னொரு கண்டத்தில். ஒருவர் தலைமையில் சேர்ந்தவை தாளின் வகையை வைத்துப் பிரிக்கப்பட்டதால், படமும் அதற்கான விளக்கமும் ஒன்றையொன்று அறியாமல் போயின. படத்தை ஒரு ஃபோல்டரிலும் அதைப் பற்றிய குறிப்பை வேறொரு கோப்பிலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் இடையே ஓர் எண்ணைக்கூட விட்டுவைக்காத தளங்களில் இன்றும் நடப்பது இதுதான்.

ஒளிப்படக் காலம் வந்ததும் சிக்கல் வேறு உருவெடுத்தது. கேப்டன் எட்மண்ட் டேவிட் லயன் 1867-68-இல் சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்தார். ஜேம்ஸ் ஃபெர்குசன் அவற்றுக்கு எழுதிய குறிப்புகள் 1870-இல் வெளிவந்தன. படங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, எதை எங்கே வைப்பது என்று ஒரு விதி தேவைப்பட்டது. அந்த விதியை நிலைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சூவல். சென்னை மாகாணத்துத் தொல்சின்னங்களுக்கு அவர் 1882-இல் வெளியிட்ட பட்டியல் மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் நடக்கிறது. மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் வந்தது. வி. ரங்காச்சாரி 1919-இல் வெளியிட்ட கல்வெட்டுப் பட்டியலும் மாவட்ட வரிசையிலேயே போகிறது. தொல்லியல் துறையின் தென் வட்டம் ஆண்டுதோறும் எடுத்த ஒளிப்படங்களை அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிட்டபோதும் வரிசை எண், மாவட்டம், ஊர், எதன் படம் என்றே குறித்தது.

அன்றைக்கு அது சரியான முடிவு. கலெக்டர் கச்சேரிதான் எல்லாக் காகிதமும் வந்துசேரும் இடம். நிலவரி, கோயில் மானியம், சாலை என்று எதற்கும் மாவட்டமே முதல் கதவு. ஏ. ஹெச். லாங்ஹர்ஸ்ட் 1924-க்கும் 1930-க்கும் இடையே பல்லவக் கட்டடக்கலையைப் பற்றி மூன்று பகுதிகளை எழுதியபோது, மாமல்லபுரம் எந்த மாவட்டம் என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. மாவட்டம் என்பது மாறாத ஒன்று என்ற நம்பிக்கையின்மேல் அந்த அடுக்குமுறை முழுவதும் நின்றது.

இதற்கு மாற்று ஒன்று கடற்கரையோரமாகவே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி உருவானது. புதுச்சேரியில் 1955-இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் படமெடுக்க ஆரம்பித்தது. கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியோடு சேர்ந்து அது திரட்டிய படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், தெய்வ உருவம் ஆகியவை குறிக்கப்பட்டன. தேடுபவர் ஊர்ப் பெயரோடு வரலாம், உருவத்தின் பெயரோடும் வரலாம்.

அதன் மதிப்பு என்ன என்பது 2013-14-இல் உலகத்துக்கே தெரிந்தது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் பெருந்தொகை கொடுத்து வாங்கிய நடராசர் சிலை, ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று காட்ட ஒரு சான்று வேண்டியிருந்தது. புதுச்சேரித் தொகுப்பில், 1994-இல் அந்தக் கோயிலிலேயே எடுத்த படம் இருந்தது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார். படம் எடுத்த காலத்தில் ஸ்ரீபுரந்தான் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போயிற்று. பின்னர் அரியலூர் மாவட்டம் பிறந்து, கலைந்து, 2007-இல் மறுபடி பிறந்தது. இருபது ஆண்டுகளுக்குள் மாவட்டம் இத்தனை முறை மாறியும், ஊரையும் கோயிலையும் பிடித்துக்கொண்டு தேடியவர்கள் படத்தைக் கண்டெடுத்தார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது மாமல்லபுரம் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. இரண்டே ஆண்டில், 1997 ஜூலை 1 அன்று, அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. மாமல்லபுரம் காஞ்சிபுரத்தோடு போனது. தமிழ்நாட்டில் இணையதளங்கள் பெருகிய 22 ஆண்டுகளும் கடற்கரைக் கோயில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கோயில்தான். சுற்றுலா நிறுவனங்கள், விடுதிகள், கல்லூரிகள், தனி ஆர்வலர்கள் என்று யார் தளம் அமைத்தாலும் படங்களைக் காஞ்சிபுரம் என்ற ஃபோல்டருக்குள் வைப்பதுதான் இயல்பாக இருந்தது. சூவலின் பட்டியலைப் பார்த்தே இராதவர்கள்கூட சூவலின் வழியிலேயே நடந்தார்கள்.

முதல் காலத் தளங்களில் இதையெல்லாம் கையாலேயே செய்தார்கள். ஒருவர் தம் கணினியில் ஃபோல்டர்களை உருவாக்கி, எஃப்டிபி மென்பொருளால் சர்வருக்கு அனுப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் படத்தின் பாதையைத் தட்டச்சு செய்வார். விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. லினக்ஸ் சர்வரில் உண்டு. கேமரா தந்த கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்து பெரியதாக இருக்கும், பக்கத்தில் சிறியதாக எழுதியிருப்பார்கள். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த ஐந்து ரதங்கள், தளத்தில் உடைந்த படக்குறியாக நிற்கும். அந்தக் காலத்தில் தளம் செய்த பலரும் பட்ட பாடு இது.

பிறகு உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. ட்ரூப்பல் 2001-இல், வேர்ட்பிரஸ் 2003-இல், மாம்போவிலிருந்து பிரிந்த ஜூம்லா 2005-இல். எஃப்டிபியும் நிரல் அறிவும் இல்லாதவரும் பொத்தானை அழுத்திப் படமேற்றலாம் என்று ஆனது. படம் எங்கே போய் உட்காரவேண்டும் என்ற முடிவு மட்டும் அமைப்புகள் பக்கத்தின் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அருகில் பார்க்கவேண்டும். ஜூம்லாவின் பழைய பதிப்புகள் கட்டுரைப் படங்களை 'இமேஜஸ்' ஃபோல்டருக்குள் 'ஸ்டோரீஸ்' என்ற உள் ஃபோல்டரில் வைத்தன. 2011-இல் வந்த 1.6 பதிப்பில் இயல்பிருப்பு வெறும் 'இமேஜஸ்' என்று ஆயிற்று. மீடியா அமைப்புகளில் கோப்புகளுக்கு ஒரு பாதையும் படங்களுக்கு ஒரு பாதையும் தனித்தனியே தரலாம். ட்ரூப்பலில் படத்துக்கான ஒவ்வொரு புலத்துக்கும் தனி உள் ஃபோல்டர் குறிக்கலாம். வேர்ட்பிரஸ் 2005 டிசம்பரில் வந்த தன் 2.0 பதிப்பிலிருந்து 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டரை வைத்துக்கொண்டு, அதற்குள் ஆண்டு, மாதம் என்று தானே பிரித்து அடுக்குகிறது. இந்தப் பிரிப்பு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கும் கட்டம் மீடியா அமைப்புகள் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஃபோல்டரின் பெயரையே மாற்றும் பெட்டியும் முன்பு அங்கே இருந்தது. 2012 டிசம்பரில் வெளியான 3.5 பதிப்பில் புதிய தளங்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது நல்லதுதான். பெட்டியில் புதுப் பாதையை எழுதிச் சேமித்தால், பழைய படங்களும் புது இடத்துக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். வராது. அந்த அமைப்பு, இனி ஏறப்போகும் படங்களுக்கு மட்டுமே பேசுகிறது. பழைய படம் பழைய ஃபோல்டரில் கிடக்கும். போதாததற்கு, கட்டுரைக்குள் நுழைத்த ஒவ்வொரு படத்துக்கும் முழு முகவரி தரவுத்தளத்தில் எழுத்தாகவே பதிந்திருக்கும். ஒரே படத்துக்கு 150 புள்ளிச் சதுரச் சிறுபடம், 300 புள்ளி, 1024 புள்ளி என்று பல அளவுப் பிரதிகள் உருவாகி, அவற்றின் பெயர்களோடு அளவும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டரைக் கையால் நகர்த்தினால் அத்தனை முகவரியும் பொய்யாகும்.

இதே ஃபோல்டர் வழியாகத் திருடர்களும் வந்தார்கள். படங்கள் ஏறவேண்டும் என்பதற்காக ஃபோல்டரை யாரும் எழுதலாம் என்று 777 அனுமதியில் திறந்து வைப்பது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 2011 ஆகஸ்டில், வேர்ட்பிரஸ் வார்ப்புருக்கள் பலவற்றில் இருந்த டிம்தம்ப் என்ற படச் சுருக்க நிரலில் ஓட்டை இருப்பது வெளியானது. படம் என்ற பெயரில் நிரலைக் கொண்டுவந்து ஃபோல்டரில் வைத்து இயக்க முடிந்தது. படங்களுக்கான ஃபோல்டரில் எந்த நிரலும் ஓடக்கூடாது என்று சர்வருக்கே கட்டளை கொடுத்துவைப்பது அவசியமானது என்பதை அதன்பிறகு பலரும் உணர்ந்தார்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனிச் சோதனைகள் இருந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாம், டாப் என்று எழுத்துருக் குறியாக்கங்கள் பல. ஒன்றில் வைத்த பெயர் இன்னொன்றில் குழறும். யூனிகோடு வந்ததும் படிப்பது எளிதானது. நீளம் மட்டும் சிக்கலாக நின்றது. மாமல்லபுரம் என்பது கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கு அது 11 குறியீடு, 33 பைட். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு விரியும்போது 99 எழுத்தாகிவிடும். லினக்ஸ் சர்வர்களில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகமுடியாது. அதாவது, தமிழில் 85 குறியீடு. விளக்கத்தையே கோப்பின் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் சீக்கிரமே அந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று 'கோயில்' என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. ஓகார உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆப்பிளின் பழைய மாக் கணினிகள் கோப்புப் பெயர்களில் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து சர்வருக்குப் போன படம் ஒரு கோயிலில் இருக்கும், பக்கத்தில் விண்டோஸ் விசைப்பலகையால் எழுதிய பாதை இன்னொரு கோயிலைத் தேடும். கடற்கரைக் கோயில், ஒலக்கண்ணேசுவரர் கோயில் என்று கோயில்களே நிறைந்த ஓர் ஊரின் படங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

2019-க்கு வருவோம். அக்டோபர் 11 அன்று பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்து, ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று இருவரும் நடந்த ஒவ்வோர் இடமும் படங்களாக உலகமெங்கும் போயிற்று. இவ்வூரின் வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை படங்கள் வெளியே போன நாள் வேறு இருந்திருக்காது. அன்று ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. சரியாக ஏழு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, தமிழ்நாட்டின் 37-ஆவது மாவட்டமாகச் செங்கல்பட்டு தொடங்கிவைக்கப்பட்டது. திருக்கழுக்குன்றம் வட்டத்தோடு மாமல்லபுரமும் அதில் சேர்ந்தது. 1997-இல் விட்ட பெயருக்கே ஊர் திரும்பி வந்தது. இடையில் 22 ஆண்டு சேர்ந்த படங்களின் பாதைகளில் மட்டும் காஞ்சிபுரம் தங்கிவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதிதாக அரசுத் தளம் வந்தபோது இந்தச் சிக்கல் அதைத் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தேசியத் தகவல் மையம் மாவட்டத் தளங்களையெல்லாம் எஸ்-த்ரீ-வாஸ் என்ற பொது மேடைக்கு 2018 வாக்கிலிருந்து மாற்றிவந்தது. அந்த மேடையில் படம் ஏறினால் அதன் பாதையில் தளத்துக்கான நீண்ட குறியீடு, 'அப்லோட்ஸ்', ஆண்டு, மாதம், தேதியிலிருந்து பிறந்த எண் ஆகியவை இருக்கும். ஊரோ மாவட்டமோ இருக்காது. ஊர்ப் பெயர் படத்தின் தலைப்பிலும் மாற்று உரையிலும் இருக்கும். அவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், படம் அசையாது.

ஆண்டு, மாதம் என்ற அடுக்கு கணினிக்காரர்களின் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்தைப் பொறுத்தவரை நாள் என்பது வரலாற்றுச் செய்தி. கடற்கரைக் கோயில் வளாகத்தில் இன்று எல்லோரும் எட்டிப் பார்க்கும் வராகச் சிற்பமும் சிறு கோயிலும் உள்ள பள்ளம் 1990-இல்தான் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. அதற்கு முந்திய படத்தில் அங்கே வெறும் மணல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்து ஓய்ந்தபின், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 2005-இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. சுனாமிக்கு முந்திய படமா பிந்தியதா என்று தெரியாத ஒரு சாளுவன்குப்பத்துப் படத்தால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு.

ஆனால் இங்கே ஒரு கவனம் தேவை. அப்லோட்ஸ் ஃபோல்டரில் உள்ள மாதம், படம் ஏறிய மாதம். எடுத்த மாதம் அல்ல. ஒருவர் 1985-இல் எடுத்த படத்தை வருடி 2021 மார்ச்சில் ஏற்றினால், வேர்ட்பிரஸ் அதை 2021, 03 என்ற ஃபோல்டரில்தான் வைக்கும். எடுத்த தேதியைத் தலைப்பில் எழுதாவிட்டால் ஃபோல்டர் நம்மை ஏமாற்றிவிடும். இந்த வேறுபாட்டைப் பழைய தொல்லியல் துறைப் பட்டியல்காரர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்கள் அந்தந்த ஆண்டுப் படத்தை அந்தந்த ஆண்டு அறிக்கையிலேயே பதிந்தார்கள்.

பொருளின் பெயரால் அடுக்கலாமே என்றால், அதுவும் இந்த ஊரில் நிற்காது. பெரிய பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்கிறார்கள். 1914-இல் விக்தோர் கொலூபேவ் அது கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி என்று பிரெஞ்சில் எழுதினார். அறிஞர்கள் இன்னும் இரு கட்சியாக இருக்கிறார்கள். பஞ்சபாண்டவர் பெயர் தாங்கும் ஒற்றைக்கல் ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஃபோல்டருக்கு அர்ச்சுனன் என்று பெயர் வைப்பவர் ஒரு விவாதத்தில் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்.

விக்கிமீடியா பொதுவகம் 2004 செப்டம்பரில் தொடங்கியபோது எடுத்த வழி துணிச்சலானது. அங்கே ஃபோல்டருக்குப் பொருளே கிடையாது. கோப்புப் பெயரைக் கணக்கிட்டு வரும் குறியீட்டின் முதல் எழுத்துக்கு ஒரு ஃபோல்டர், முதல் இரண்டு எழுத்துக்கு அதனுள் ஒரு ஃபோல்டர். மேலே 16, கீழே மொத்தம் 256. எந்த ஃபோல்டரும் மற்றவற்றைவிட அளவுக்கு மீறிப் பெருகாது. மனிதர்களுக்கான அடுக்கை அவர்கள் பகுப்புகளில் வைத்தார்கள். ஒரே படம் மாமல்லபுரத்திலும் பல்லவர் கட்டடக்கலையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒருசேர இருக்கலாம். யுனெஸ்கோவும் தன் வழியில் இதையே செய்தது. 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது மாமல்லபுரத்துக்குக் கிடைத்த எண் 249. அதற்குப் பிறகு மாவட்டம் இரண்டுமுறை மாறிவிட்டது. யுனெஸ்கோ தளத்தில் இவ்வூருக்கான பக்கத்தின் முகவரி இன்றும் 249 என்றே முடிகிறது.

பழைய பாதைகளை என்ன செய்வது? அவற்றை அழிக்கக்கூடாது. வேறு தளங்களும் பாடநூல் குறிப்புகளும் அந்தப் பாதைகளையே சுட்டிக்கொண்டிருக்கும். சர்வரின் அமைப்புக் கோப்பில், காஞ்சிபுரம் ஃபோல்டரைக் கேட்டு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பு என்று 301 என்னும் நிரந்தர மாற்றக் கட்டளையை ஒரு வரியில் எழுதிவிடலாம். பழைய நூலகர்கள் ஏழு பகோடா அட்டையில் 'மாமல்லபுரம் காண்க' என்று எழுதிவைத்த அதே வேலை. தளத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பது வருத்தமான செய்தி. புதுத் தளத்தின் முகப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைப் பழைய படங்களின் பாதைக்குக் கொடுத்தால், இவ்வூரின் இருபதாண்டுப் படப் பதிவில் பெரும்பகுதி தப்பும்.

மெக்கன்சி குழுவின் மாமல்லபுரத்து ஓவியங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தவை. 2023 அக்டோபர் இறுதியில் அந்த நூலகம் பெரிய இணையத் தாக்குதலுக்கு ஆளானது. தளமும் நூல்பட்டியலும் முடங்கின. 2024 ஜனவரியில்தான் பட்டியல் ஓரளவு திரும்பி வந்தது. எண்மப் படங்கள் பலவற்றுக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு. தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுக்கு எண்ணும் மாறவில்லை. அவற்றுக்கான இணைய முகவரிகள்தான் ஒரே நாளில் திறக்காமல் போயின.

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ ஒரு சிற்பக் கூடமோ விடுதியோ பள்ளியோ தன் தளத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இப்படி நேரலாம். பக்கங்கள் இருக்கும் தரவுத்தளத்தைப் பிரதியெடுத்துவிட்டு, படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பிரதியெடுத்து வைக்கவேண்டும். கூடவே ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பில் படத்தின் பெயர், எடுத்த நாள், ஊர், எதன் படம் என்று நான்கு பத்தி எழுதிவைத்தால் போதும். தென் வட்டத்து அறிக்கைகளில் நாள் தவிர மற்றவை, படத்தின் பெயருக்குப் பதில் வரிசை எண்ணோடு, நூறாண்டுக்கு முன்பே அச்சாகின.